அணுஉலைத் தண்ணீரில் எஃகு எப்படி அயர்கிறது? கேப் டவுனில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

கேப் டவுன் ரைலண்ட்ஸில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போவது இப்போது என் வேலை. வகுப்பு முடியும்வரை வாசலில் நிற்கும் பெரியவர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கூபர்க் அணுமின் நிலையத்துக்கு வந்துவிடும். ஊரிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டர்தான். புளூபெர்க் கடற்கரையில் நின்றால் அந்த இரண்டு குவிமாடங்களும் தெரியும். நான் முப்பது வருடத்துக்கு மேல் உலோகச் சோதனைக்கூடங்களில் இருந்தவன். அதில் நான்கு வருடம் வெளிநாட்டில், அணுஉலைத் தண்ணீரைப் போலவே தண்ணீர் தயாரித்து அதற்குள் எஃகை இழுத்து இழுத்து உடைக்கும் வேலை. அதனால் கேள்விகள் என் பக்கம் திரும்பும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதித் தரச் சொன்னார் தமிழ் ஆசிரியை. எழுதியிருக்கிறேன்.

உலோக அயர்வு என்றால் என்ன? துருப்பிடிப்பதா?

துரு வேறு, அயர்வு வேறு. கட்டுக்கம்பியை வெட்டக் குறடு இல்லாவிட்டால் என்ன செய்வோம்? அப்படியும் இப்படியும் பத்துத் தடவை வளைப்போம், கையோடு வந்துவிடும். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் முடியாது. முதல் வளைப்பு தாங்கிய கம்பி பத்தாவது வளைப்பைத் தாங்கவில்லை. இதுதான் அயர்வு. நம் பட்டறைக்காரர்கள் ‘ஃபெட்டீக்’ என்பார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் காரணம் தெரியாமல் முறிந்தபோதுதான் இது ஆராய்ச்சியானது. பிரஷ்யாவில் ஆகஸ்ட் வோலர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி, எவ்வளவு சுமைக்கு எத்தனை சுழற்சி தாங்கும் என்று முதலில் முறையாக அளந்தார். இன்றைக்கும் நாங்கள் செய்வது அடிப்படையில் அதுவேதான்.

என் அப்பா நேட்டாலில் சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவர். “ஓடிக்கொண்டே இருக்கிற பாய்லர் கெடாதுடா, நிறுத்தி நிறுத்தி ஏற்றுகிற பாய்லர்தான் கெடும்” என்பார். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத மனிதர். அணுஉலைக் குழாய்க்கும் அந்த வாக்கு பொருந்தும். உலோகம் வருடத்தை எண்ணுவதில்லை, சூடாகி ஆறிய தடவைகளை எண்ணுகிறது.

உலைக்குள் ஓடுவது சாதாரணத் தண்ணீர்தானே? அது எஃகை என்ன செய்துவிடும்?

கூபர்க்கில் இருப்பவை இரண்டும் அழுத்த நீர் உலைகள், பிரெஞ்சு வடிவமைப்பு. உலைக் கலத்தின் வழியாகச் சுற்றி ஓடும் முதன்மைத் தண்ணீர் சுமார் 155 பார் அழுத்தத்தில் இருக்கும். உள்ளே போகும்போது கிட்டத்தட்ட 290 டிகிரி, வெளியே வரும்போது 325 டிகிரிக்குப் பக்கம். அவ்வளவு சூட்டிலும் கொதிக்காது, அழுத்தம் விடாது.

அந்தத் தண்ணீரில் மூன்று பொருள்கள் வேண்டுமென்றே கலக்கப்படுகின்றன. அணுப்பிளவின் வேகத்தைக் கட்டுப்படுத்த போரிக் அமிலம். அமிலம் இருப்பதால் அதைச் சமன்செய்யச் சிறிதளவு லித்தியம் ஹைட்ராக்சைடு. கதிர்வீச்சு தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் உண்டாக்காமல் இருக்க, கரைந்த ஹைட்ரஜன். மற்றபடி படு சுத்தம். குளோரைடு, சல்பேட் எல்லாம் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில்தான் விடுவார்கள். நாம் குடிக்கும் குழாய்த் தண்ணீரை அங்கே விட்டால் வேதியியல் பிரிவுக்காரர்களுக்கு மயக்கம் வரும்.

இவ்வளவு சுத்தமான தண்ணீர் எஃகின் ஆயுளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க முடியும் என்பதுதான் கேட்கிறவர்கள் நம்பாத விஷயம். நானும் முதலில் நம்பவில்லை.

வடிவமைக்கும்போதே அயர்வைக் கணக்கில் எடுத்திருப்பார்களே?

எடுத்தார்கள். ஆனால் காற்றில். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் விதித்தொகுப்பில் ஒரு வளைகோடு உண்டு. எவ்வளவு ஆட்டினால் எத்தனை சுழற்சி தாங்கும் என்று அது சொல்லும். அந்தக் கோடு, அறை வெப்பத்தில், காற்றில், சிறிய பளபளப்பான மாதிரிகளை உடைத்துக் கிடைத்தது. சோதனையில் வந்த சராசரி ஆயுளை 20ஆல் வகுத்து, அல்லது தகைவை (உலோகத்துக்குள் எழும் இழுவிசையின் அளவை) 2ஆல் வகுத்து, எது பாதுகாப்போ அதை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த 20 எங்கிருந்து வந்தது? சோதனை முடிவுகளின் சிதறலுக்கு 2, மாதிரியைவிட நிஜப் பாகம் பெரிது என்பதற்கு 2.5, மேற்பரப்பின் சொரசொரப்புக்கும் ‘சூழலுக்கும்’ சேர்த்து 4. பெருக்கினால் 20. இதில் ‘சூழல்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பலர் உலைத் தண்ணீரும் அதில் அடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். எழுதியவர்கள் நினைத்தது தொழிற்சாலைக் காற்றைத்தான். ஒரு சொல்லை எழுதியவர் ஒரு பொருளில் வைக்க, படித்தவர் வேறொரு பொருளில் எடுத்துக்கொண்டதால் வந்த வினை. எங்கள் துறையில் இது அடிக்கடி நடக்கும்.

பிறகு ஜப்பானில் சோதனைகள் வந்தன. ஹிகுச்சியும் ஈடாவும் 1991இல் ஆக்சிஜன் கலந்த சூடான நீரில் கரிம எஃகின் ஆயுள் எவ்வளவு குறைகிறது என்பதற்கு ஒரு திருத்தக் காரணியை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஆர்கான் தேசிய ஆய்வகம் அதே பாதையில் பல வருடம் உழைத்தது. அதன் பலன் 2007இல் வந்த நியூரெக்/சிஆர்-6909 என்ற அறிக்கை. 2018இல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் அந்த எண்ணைச் செல்பேசி எண் மாதிரி மனப்பாடமாகச் சொல்வார்கள்.

தண்ணீர் என்னதான் செய்கிறது?

எவர்சில்வரின், அதாவது துருப்பிடிக்காத எஃகின், மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டு. அதுதான் அதைக் காப்பாற்றுகிறது. எஃகை இழுக்கும்போது அந்தப் படலம் நுண்ணிய இடங்களில் கிழிகிறது, உள்ளே இருக்கும் வெற்று உலோகம் தண்ணீரைப் பார்க்கிறது. படலம் மறுபடி மூடுவதற்குள் அங்கே கொஞ்சம் உலோகம் ஆக்சைடாக மாறிவிடும். அந்த வேதிவினையில் பிறக்கும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி உலோகத்துக்குள் புகுந்து விரிசல் நுனியை இன்னும் பலவீனமாக்குகிறது. இரண்டில் எது முக்கியம் என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

வேகமாக இழுத்தால் மோசமா, மெதுவாக இழுத்தால் மோசமா?

மெதுவாக. கேட்பவர்கள் எல்லோரும் மாற்றித்தான் ஊகிப்பார்கள்.

வேகமாக இழுத்துவிட்டால் தண்ணீருக்கு வேலை செய்ய நேரம் இல்லை. மெதுவாக இழுத்தால் கிழிந்த இடத்தில் தண்ணீருக்கு நிறைய அவகாசம். துருப்பிடிக்காத எஃகுக்கு 2018 அறிக்கையின் சூத்திரத்தில் சில எண்களைப் போட்டுப் பார்ப்போம். 300 டிகிரியில், வினாடிக்கு 0.4 சதவீதம் என்ற வேகத்தில் நீட்டினால் ஆயுள் சுமார் 2இல் ஒரு பங்காகக் குறையும். வினாடிக்கு 0.01 சதவீதம் என்றால் 4.6இல் ஒரு பங்கு. 0.0004 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 10இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே வேகத்தைக் குறைத்தாலும் மேற்கொண்டு கெடுதல் இல்லை என்று சூத்திரம் அங்கே நின்றுவிடுகிறது.

இந்த ‘எத்தனையில் ஒரு பங்கு’ என்ற எண்ணுக்குத்தான் சூழல் காரணி என்று பெயர். காற்றில், அறை வெப்பத்தில் கிடைத்த ஆயுளைத் தண்ணீரில் கிடைத்த ஆயுளால் வகுத்தால் வருவது.

வெப்பமும் சேர்ந்தால்தான் இந்தக் கெடுதல். அதே 0.0004 வேகத்தில் 150 டிகிரியில் காரணி 2ஐக்கூட எட்டாது. 100 டிகிரிக்குக் கீழே தண்ணீர் சாது.

தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால்தானே உலோகம் கெடும்?

கரிம எஃகுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆக்சிஜன் ஏறினால் அதன் ஆயுள் பாதாளத்துக்குப் போகும். எஃகில் கந்தகம் அதிகமாக இருந்தால் இன்னும் மோசம். ஆக்சிஜனை ஒழித்துவிட்டால் பாதிப்பு மிகக் குறைவு.

துருப்பிடிக்காத எஃகு இதற்கு நேர்மாறு. ஆக்சிஜன் இல்லாத, ஹைட்ரஜன் கரைந்த, அதாவது அழுத்த நீர் உலையின் சுத்தத் தண்ணீரில்தான் அதற்கு முழுப் பாதிப்பு. நிக்கல் கலப்பு உலோகங்கள் கொஞ்சம் தேவலை.

சரி, சோதனையை எப்படிச் செய்வீர்கள்?

இதைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாதிரி. விரல் பருமனில் ஒரு எஃகுத் தண்டு, நடுவில் கடைந்து மெலிதாக்கியது. மெலிந்த பகுதியின் விட்டம் எட்டு ஒன்பது மில்லிமீட்டர் இருக்கும். அதன் மேற்பரப்பைத் தண்டின் நீளவாக்கில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். குறுக்கே ஒரு கீறல் இருந்தால் அங்கேதான் விரிசல் பிறக்கும். அப்புறம் நாம் அளப்பது எஃகை அல்ல, கடைசல்காரரின் கைப்பழக்கத்தை.

அதை ஆட்டோகிளேவ் என்ற தடித்த எஃகுப் பானைக்குள் பொருத்துவோம். நம் வீட்டுக் குக்கரின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். குக்கரில் ஒரு பார் அளவுக்கு அழுத்தம் ஏறினால் விசில் அடிக்கும், இதில் 155 பார். மாதிரியின் ஒரு முனை பானைக்குள்ளேயே நிலையாக இருக்கும். இன்னொரு முனையைப் பிடித்த தண்டு, மூடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே வந்து இழுக்கும் இயந்திரத்தோடு சேரும்.

தலைவலி இந்த ஓட்டையில்தான். தண்ணீர் கசியாமல் சீல் இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் தண்டு நகரவும் வேண்டும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு என்றால், 155 பார் அழுத்தம் அதை வெளியே தள்ளும் விசை மட்டுமே அரை டன்னுக்குப் பக்கத்தில். இதைச் சமன்செய்யத் தனி ஏற்பாடு வேண்டும். சீலின் உராய்வும் சுமையை அளக்கும் லோட் செல்லில் சேர்ந்து பதிவாகும். எஃகு தாங்கும் சுமை எது, சீல் பிடிக்கும் சுமை எது என்று பிரிக்கத் தெரியாதவன் தப்பான எண்ணை எழுதிவிட்டுப் பெருமையாக வீட்டுக்குப் போவான். நல்ல கூடங்களில் லோட் செல்லையே பானைக்குள் வைத்துவிடுவார்கள்.

அடுத்து, எவ்வளவு நீண்டது என்று அளப்பது. காற்றில் என்றால் மாதிரியின் நடுவிலேயே இரண்டு கத்திமுனைகளைத் தொட வைத்து அளக்கலாம். 300 டிகிரி தண்ணீரில் அந்த முனை தொட்ட இடமே விரிசலுக்கு வித்தாகிவிடும். அதனால் பல கூடங்களில் மாதிரியின் இரண்டு தோள்களுக்கு இடையே உள்ள நகர்வை அளந்து, முன்கூட்டியே காற்றில் செய்து வைத்த அளவுத்திருத்தத்தின் மூலம் நடுப்பகுதியின் திரிபைக் கணக்கிடுகிறோம். திரிபு என்பது நீளத்தில் எத்தனை சதவீதம் நீண்டது என்பது, அவ்வளவுதான்.

தண்ணீர் தேங்கி நிற்காது. ஒரு தொட்டியில் கலந்து, ஆக்சிஜனை விரட்டி, ஹைட்ரஜன் ஏற்றி, பம்ப் மூலம் சூடேற்றிப் பானைக்குள் அனுப்பி, வெளியே வருவதைக் குளிரவைத்து வடிகட்டித் திரும்பத் தொட்டிக்கே அனுப்பும் சுற்று அது. உள்ளே போவதிலும் வெளியே வருவதிலும் கடத்துதிறனையும் ஆக்சிஜனையும் இடைவிடாமல் அளப்போம். வழக்கமான கலவை: போரான் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு), லித்தியம் 2 பிபிஎம். சூடேறியதும் உடனே இழுக்கத் தொடங்கக் கூடாது. படலம் உருவாகி வேதியியல் நிலைப்படச் சில நாள்கள் சும்மா விட வேண்டும்.

இழுக்க வேண்டிய சுமை உச்சத்திலிருந்து 25 சதவீதம் குறைந்தால், மாதிரிக்குள் பெரிய விரிசல் வந்துவிட்டது என்று பொருள். அந்தச் சுழற்சி எண்ணையே ஆயுள் என்று எழுதுவோம்.

பானையே இல்லாத முறை ஒன்றும் உண்டு. மாதிரியைக் குழாயாகக் குடைந்து, தண்ணீரை அதற்குள்ளேயே ஓட விடுவது. செலவு குறைவு, வேலை சுளுவு. விரிசல் சுவரைத் துளைத்ததும் தண்ணீர் கசிந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் உள்ளழுத்தம் குழாய்ச் சுவரை வேறு திசையிலும் இழுக்கிறது. அதனால் குழாய் மாதிரியின் ஆயுளையும் திட மாதிரியின் ஆயுளையும் நேரடியாக ஒப்பிடலாமா என்பதில் நீண்ட வழக்கு உண்டு. என்னைக் கேட்டால், இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து கோடு போடக் கூடாது.

ஒரு சோதனைக்கு எத்தனை நாள்?

துருப்பிடிக்காத எஃகை 0.3 சதவீத வீச்சில் ஆட்டுகிறோம் என்று வையுங்கள். அதாவது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 0.6 சதவீதம். காற்றில், வினாடிக்கு 0.4 சதவீத வேகத்தில், ஒரு சுழற்சிக்கு 3 வினாடி. சராசரிக் கோட்டின்படி சுமார் 24,000 சுழற்சி தாங்கும். கிட்டத்தட்ட 20 மணி நேரம். மாலையில் தொடங்கினால் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

இப்போது 300 டிகிரி உலைத் தண்ணீரில், ஏறும் பாதி மட்டும் வினாடிக்கு 0.0004 சதவீதம். ஒரு சுழற்சிக்கு 1,500 வினாடி, அதாவது 25 நிமிடம். பத்தில் ஒரு பங்கு ஆயுள் என்றால் சுமார் 2,500 சுழற்சி. கணக்குப் போட்டால் 43 நாள். சுழற்சி பத்து மடங்கு குறைந்தது, காத்திருப்பு ஐம்பது மடங்கு கூடியது.

அதனால்தான் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் இந்த மெதுவான சோதனைகளின் தரவு குறைவு. ஐரோப்பாவில் பல நாட்டுக் கூடங்கள் சேர்ந்து 2015 முதல் 2020 வரை இன்செஃபா-பிளஸ் என்ற கூட்டுத் திட்டம் நடத்தியதற்கும் இதுவே காரணம். ஒரு கூடம் தனியாகச் செய்தால் அதன் ஆட்கள் ஓய்வு பெற்ற பிறகும் சோதனை முடியாது.

“அங்கிள், நடுவில் கரண்ட் போனால்?” (பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்)

நல்ல கேள்விடா தம்பி. லோட்ஷெடிங் காலத்தில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இது தோன்றும்.

மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், சூடு இறங்கும், அழுத்தம் விழும். மாதிரி அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்ததோ, அதிலிருந்து ஏடாகூடமாக இழுபட்டாலும் படலாம். அதனால் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் பம்புக்கும் பேட்டரி ஆதரவு, பிறகு ஜெனரேட்டர். அதையும் மீறி நின்றுவிட்டால், இயந்திரம் மாதிரியைச் சுமையில்லாத நிலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்படி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

நான் இருந்த கூடத்தில் மின்சாரம் போகவில்லை, சீல் போனது. 29ஆவது நாள் இரவு. காலையில் வந்து பார்த்தால் தரையெல்லாம் போரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது, கோலம் போட்ட மாதிரி. அந்தச் சோதனையைக் குப்பையில் போட்டோம். மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. புதுச் சீலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இந்தச் சின்னத் தண்டில் கிடைத்த எண்ணை உலைக்கு எப்படிக் கொண்டுபோவார்கள்?

கூட்டல் கணக்கு. வடிவமைப்பாளர் ஒவ்வொரு பாகத்துக்கும் எந்தெந்தச் சம்பவம் எத்தனை தடவை வரும் என்று எழுதி வைப்பார். உலையைச் சூடேற்றுவது, ஆற்றுவது, திடீரென நிறுத்துவது, குளிர்ந்த நீர் உள்ளே பாய்வது என்று. ஒவ்வொன்றுக்கும் ‘வந்த தடவை, வகுத்தல், தாங்கும் தடவை’. எல்லாவற்றையும் கூட்டினால் வருவது திரண்ட பயன்பாட்டு எண். அது 1ஐத் தாண்டக் கூடாது. பால்ம்கிரென் 1924இலும் மைனர் 1945இலும் சொன்ன முறை.

விளக்கத்துக்காக நானே எடுத்த ஓர் உதாரணம்: ஒரு குழாய் முனை. முதல் சம்பவம் 200 தடவை, தாங்குவது 10,000, ஆக 0.02. இரண்டாவது 400 தடவை, தாங்குவது 4,000, ஆக 0.10. மூன்றாவது 50 தடவை, தாங்குவது 1,000, ஆக 0.05. மொத்தம் 0.17. காற்றுக் கணக்கில் ஆனந்தம். சூழல் காரணி 4.6ஆல் பெருக்கினால் 0.78, பரவாயில்லை. மிக மெதுவான சம்பவங்கள் என்று எண்ணி 9.65ஆல் பெருக்கினால் 1.64. தாண்டிவிட்டது.

பார்த்தீர்களா, எஃகு மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை. சம்பவம் எவ்வளவு வேகத்தில் நடந்தது என்ற ஒரே தகவல் விடையை மாற்றிவிட்டது. அதனால் அந்த வேகத்தைக் குத்துமதிப்பாக வைக்காமல், குழாயின் மேல் வெப்பமானி கட்டி அளந்து போட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

புதிய முறையில் பழைய 20க்குப் பதிலாக 12ஆல்தான் வகுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிதறல், பாகத்தின் அளவு, மேற்பரப்பு, சுமைகள் வரும் வரிசை எல்லாவற்றையும் புதிதாக அலசிப் பார்த்ததில் 12 போதும் என்று தெரிந்தது.

எண் 1ஐத் தாண்டினால் குழாய் வெடித்துவிடுமா?

இல்லை. விரிசல் பிறந்திருக்க வாய்ப்பு உண்டு என்ற எச்சரிக்கை அது. அப்போது செய்யக்கூடியவை பல. கணக்கை நுணுக்கமாக மறுபடி போடலாம், உண்மையில் நடந்த சம்பவங்களை எண்ணிப் போடலாம், அந்த இடத்தை மீயொலியால் அடிக்கடி சோதிக்கலாம், பாகத்தையே மாற்றலாம்.

கூபர்க்குக்கு 40 வருடம் முடிந்துவிட்டதே. இன்னும் 20 வருடம் எப்படிக் கொடுத்தார்கள்?

முதல் அலகு 1984இலும் இரண்டாவது 1985இலும் ஓடத் தொடங்கின. தேசிய அணு ஒழுங்காற்று ஆணையம் முதல் அலகின் உரிமத்தை 2024 ஜூலையில் நீட்டித்தது, 2044 வரை. இரண்டாவதற்கு 2025 நவம்பரில், 2045 வரை. அதற்கு முன் இரண்டு அலகுகளிலும் மூன்று மூன்று நீராவி உற்பத்திக் கலங்களையும் மாற்றினார்கள். முதல் அலகில் 2023இல் முடிந்தது, இரண்டாவதில் 2024இல்.

40 என்பது பால் பாக்கெட்டின் தேதி அல்ல. வடிவமைப்புக் கணக்கில் ‘40 வருடத்தில் இத்தனை சம்பவம்’ என்று வைத்த அனுமானம். இந்த வகை உலைகளில் சூடேற்றி ஆற்றுவதற்கு வழக்கமாக 200 தடவை ஒதுக்குவார்கள். சுமார் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை எரிபொருள் மாற்ற நிறுத்தும் உலை, 40 வருடத்தில் அந்த வகையில் 30 தடவையைக்கூடத் தொடாது. எதிர்பாராத நிறுத்தங்களைச் சேர்த்தாலும் பொதுவாக மிச்சம் இருக்கும். ஆயுள் நீட்டிப்பில் இந்த அயர்வுக் கணக்குகளை 60 வருடத்துக்குத் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்வார்கள், இப்போது சூழல் காரணியையும் சேர்த்து.

நீட்டித்தது சரியா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அயர்வு மட்டும் அல்ல அங்கே கேள்வி. நியூட்ரானால் உலைக் கலம் நொய்ந்துபோவது, கான்கிரீட், மின்கம்பி உறை எல்லாம் சேர்ந்த தீர்ப்பு அது. என் துண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: சம்பவப் பதிவேடு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அயர்வு பெரிய தடையாக இருக்காது. பதிவேட்டில் ஓட்டை இருந்தால் எந்தக் கணக்கையும் நான் நம்ப மாட்டேன்.

நிஜ உலைகளில் அயர்வால் குழாய் விரிசல் விட்டது உண்டா?

உண்டு. அமெரிக்காவின் ஃபார்லி நிலையத்தில் 1987இலும் பெல்ஜியத்தின் டிஹான்ஜில் 1988இலும் அவசரக் குளிர்விப்புக் குழாய்களில் விரிசல் வந்து கசிந்தது. வால்வு வழியாகக் குளிர்ந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, சூடான குழாயின் அடிப்பக்கத்தில் படுத்துக்கொண்டது. மேலே சூடு, கீழே குளிர். அந்த எல்லை ஏறி இறங்க ஏறி இறங்க எஃகு அயர்ந்தது.

பிரான்ஸின் சிவோ நிலையத்தில் 1998 மே மாதம் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. புத்தம் புதிய உலை, ஓடிச் சில மாதமே ஆகியிருந்தது. மிச்ச வெப்பத்தை அகற்றும் குழாயில் சூடான நீரும் குளிர்ந்த நீரும் கலக்கும் இடத்தையடுத்த வளைவில் விரிசல், மணிக்குச் சுமார் 30 கன மீட்டர் கசிவு. அங்கே நடந்தது என் பானைக்குள் நடக்கும் மெதுவான ஆட்டம் அல்ல. கலக்கும் நீர் கொந்தளித்து, மேற்பரப்பைச் சூடும் குளிருமாகப் படபடவென்று லட்சக்கணக்கான தடவை அடித்தது. வடிவமைப்பாளரின் சம்பவப் பட்டியலில் அப்படி ஒரு வரியே இல்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: விரிசல் விட்டவை பெரும்பாலும் தப்பாகக் கணக்கிட்ட இடங்கள் அல்ல, கணக்கிலேயே வராத இடங்கள்.

ஆய்வுக்கூடம் பத்தில் ஒரு பங்கு ஆயுள் என்கிறது, உலைகள் அப்படி ஒன்றும் விரிசல் விடவில்லையே. யார் சொல்வது பொய்?

யாரும் பொய் சொல்லவில்லை. மாதிரியின் முழுத் தடிமனும் ஒரே சீராக இழுபடுகிறது. நிஜக் குழாயில் வெப்ப அதிர்ச்சி உள்மேற்பரப்பில்தான் கடுமை, உள்ளே போகப் போகத் தணியும், பிறந்த விரிசலும் வேகம் இழக்கும். சம்பவங்களும் எழுதி வைத்ததைவிடக் குறைவாகவும் மென்மையாகவும் வருகின்றன. வடிவமைப்புக் கணக்கிலேயே தாராளமான கையிருப்பு இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்து தண்ணீர் பறித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்காகத் தண்ணீரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று சிலர் வாதாடுவதை நான் ஏற்கவில்லை. கையிருப்பு எவ்வளவு என்று தெரிந்து வைத்திருப்பது வேறு, இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பது வேறு.

கடல் காற்றால் கூபர்க் தொட்டிகளில் விரிசல் வந்ததாமே, அதுவும் இதுதானா?

இல்லை. எரிபொருள் மாற்றும்போது பயன்படும் நீரை வைத்திருக்கும் வெளித் தொட்டிகளில் வந்தது அது. கடல் உப்பின் குளோரைடும் பற்றவைப்பில் தங்கிய தகைவும் சேர்ந்து உண்டாக்கும் விரிசல். ஆட்டம் எதுவும் தேவையில்லை, சும்மா நின்றாலே வரும். தொட்டிகளை மாற்றிவிட்டார்கள்.

சோதனைக்கூடத்தில் கதிர்வீச்சு இருக்குமா?

நான் செய்ததில் எதுவும் இல்லை. கதிர்வீச்சு படாத புது எஃகு, சாதாரண லித்தியம். உலையில் மட்டும் லித்தியம்-7ஐத் தனியாகப் பிரித்துப் போடுவார்கள், இல்லாவிட்டால் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கூடிவிடும்.

கூடங்குளத்திலும் இதே தண்ணீரா?

திருநெல்வேலியிலிருந்து இங்கே வேலைக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டது. அதுவும் அழுத்த நீர் உலைதான், ஆனால் ரஷ்ய வகை. லித்தியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் அம்மோனியாவும். எஃகும் டைட்டேனியம் சேர்த்த ரகம். அதனால் இங்கே சொன்ன எண்களை அப்படியே அங்கே கொண்டுபோய் ஒட்டக் கூடாது.

உடைந்த மாதிரிகளை என்ன செய்வீர்கள்?

தூக்கிப் போட மாட்டோம். உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் வரி வரியாகத் தெரியும், ஒரு சுழற்சிக்கு ஒரு வரி என்று கணக்கிடலாம். அந்த வரிகளை எண்ணிப் பின்னோக்கிப் போனால் விரிசல் எந்தச் சுழற்சியில் பிறந்தது என்று ஓரளவு தெரியும். ஈரம் படாத டப்பாவில் எண் ஒட்டி அலமாரியில் வைப்போம். பத்து வருடம் கழித்து வேறொருவர் புதுக் கேள்வியோடு வந்து கேட்பார். 29ஆவது நாள் சீல் போனதே, அந்த மாதிரியும் டப்பாவில்தான் இருக்கிறது. ‘செல்லாது’ என்று ஒட்டியிருக்கிறேன்.